இரண்டு வருடக் கல்லூரியிலிருந்து பொறியியல் பட்டத்துக்கு: ஒரு வாசலின் வரலாறு

அமெரிக்காவில் பொறியியல் படிக்க வேண்டுமென்றால் பள்ளி முடித்த கையோடு பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சொந்த ஊரிலேயே உள்ள ஒரு இரண்டு வருடக் கல்லூரியில் சேரலாம். அங்கே கணிதம், இயற்பியல், வேதியியல் என்று பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடப் பாடங்களை முடித்துவிட்டு, மூன்றாம் வருடத்தில் பல்கலைக்கழகத்துக்கு மாறிக் கொள்ளலாம். கடைசியில் கைக்கு வருவது பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். முதல் பாதியை எங்கே படித்தார் என்பது அந்தப் பட்டத்தில் இருக்காது.

இந்தக் கல்லூரிகளை ஒரு காலத்தில் ஜூனியர் காலேஜ் என்று அழைத்தார்கள். இப்போது கம்யூனிட்டி காலேஜ், அதாவது சமுதாயக் கல்லூரி என்கிறார்கள். நுழைவுத் தேர்வு கிடையாது, கட்டணம் குறைவு, வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கலாம். பணமும் மதிப்பெண்ணும் இல்லாத ஒருவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியுமா என்று தோன்றும்.

ஆனால் இந்த வாசலின் வரலாற்றைப் பார்த்தால் வேறொரு விஷயமும் தெரிய வருகிறது. இதைத் திறந்து வைத்தவர்களில் பலருடைய நோக்கம் எல்லோரையும் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டு வருவதாக இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் வாசலில் கூட்டம் சேராமல் பார்த்துக் கொள்வதும் அவர்களுடைய நோக்கமாக இருந்தது. ஒரே கதவு ஒரு பக்கம் அழைக்கிறது, இன்னொரு பக்கம் தடுக்கிறது. இந்த இரட்டை வேடம் மற்ற எந்தப் படிப்பையும்விடப் பொறியியலில்தான் பளிச்சென்று தெரிகிறது.

கழற்றிவிட நினைத்த இரண்டு வருடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்வியாளர்களுக்கு ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் மீது பெரிய மோகம் இருந்தது. அங்கே பொதுக் கல்வி முழுவதும் ஜிம்னாசியம் எனப்படும் உயர்நிலைப் பள்ளியிலேயே முடிந்துவிடும். பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கும் உயர் படிப்புக்கும் மட்டுமே. மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஹென்றி டாப்பன், மின்னசோட்டா பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ஃபோல்வெல் போன்றவர்கள் அமெரிக்காவிலும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டார்கள். பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடங்களைப் பள்ளிகளிடம் தள்ளிவிட்டால் பேராசிரியர்கள் நிம்மதியாக ஆராய்ச்சி செய்யலாம் என்பது அவர்கள் எண்ணம்.

இதற்கு ஒரு வடிவம் கொடுத்தவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். 1892-ல் திறக்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் இவர். நான்கு வருடப் படிப்பை இவர் இரண்டாகப் பிரித்து, கீழ்ப் பாதிக்கு ஜூனியர் காலேஜ், மேல் பாதிக்குச் சீனியர் காலேஜ் என்று பெயர் வைத்தார். கீழ்ப் பாதியை முடித்தவர்களுக்கு அசோசியேட் என்ற சிறிய பட்டமும் தரப்பட்டது. மேலே படிக்க விருப்பமோ தகுதியோ இல்லாதவர்கள் அவமானம் இல்லாமல் அங்கேயே நின்றுகொள்ளலாம் என்பது அதன் உள்நோக்கம்.

1901-ல் ஹார்ப்பரின் யோசனைப்படி, இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளியின் பொறுப்பில் இருந்த ஜே. ஸ்டான்லி பிரௌன், பள்ளி முடித்த மாணவர்களுக்குக் கல்லூரிப் பாடங்களை நடத்தத் தொடங்கினார். சேர்ந்தவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரில் இருந்து வளர்ந்த ஜோலியட் ஜூனியர் காலேஜ்தான் அமெரிக்காவின் முதல் பொது இரண்டு வருடக் கல்லூரி என்று சொல்லப்படுகிறது. இன்றும் அது நடந்துகொண்டிருக்கிறது.

கலிஃபோர்னியா இதைச் சட்டமாகவே ஆக்கியது. செனட்டர் அந்தோனி காமினெட்டி கொண்டுவந்த 1907-ஆம் ஆண்டுச் சட்டம், உயர்நிலைப் பள்ளிகள் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் பாடங்களை நடத்த அனுமதி தந்தது. 1910-ல் ஃப்ரெஸ்னோ நகரம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. சுற்றியிருந்த விவசாயக் குடும்பங்களுக்குப் பிள்ளைகளைத் தூரத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வசதி இல்லை. பல்கலைக்கழகங்களுக்கோ முதல் இரண்டு வருட மாணவர்களைக் குறைக்க ஆசை. பெர்க்லியின் அலெக்ஸிஸ் லாங்கும் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் ஸ்டார் ஜோர்டனும் இந்தத் திட்டத்தை உற்சாகமாக ஆதரித்தார்கள். ஏழைக் குடும்பத்தின் தேவையும் பெரிய பல்கலைக்கழகத்தின் வசதியும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டன. 1921-ல் தனி மாவட்டங்களாக இயங்கும் ஜூனியர் காலேஜ்களுக்கான சட்டம் வந்தது. மொடெஸ்டோவில் அந்தச் சட்டத்தின் கீழ் முதல் கல்லூரி திறக்கப்பட்டது.

போரும் படிப்பும்

அந்தக் காலப் பொறியியல் படிப்பின் முதல் இரண்டு வருடங்களில் கணிதமும் அறிவியலும் இருந்தாலும், வரைபடம், நில அளவை, பட்டறைப் பயிற்சி ஆகியவற்றுக்கும் நிறைய நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பொறியியல் கல்லூரியும் தனக்குப் பிடித்த கலவையை வைத்துக்கொண்டிருந்தது. இதனால் ஜூனியர் காலேஜிலிருந்து வருபவர் எந்தக் கல்லூரிக்குப் போகப் போகிறார் என்று முன்பே முடிவு செய்து, அதற்கேற்பப் படித்திருந்தால்தான் தப்பிக்க முடியும்.

இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் மாற்றியது. 1944-ல் நிறைவேறிய ஜி.ஐ. சட்டம், போரிலிருந்து திரும்பிய வீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்றது. சுமார் 22 லட்சம் பேர் இதைப் பயன்படுத்திக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போனார்கள். ரேடாரையும் விமான எஞ்சினையும் போர்க்களத்தில் கையாண்டவர்களில் பலருக்குப் பொறியியல் மீது ஆர்வம் இருந்தது வியப்பில்லை. பல்கலைக்கழகங்களில் இடமில்லை. வகுப்பறைகள் போதவில்லை, தங்கும் இடங்கள் போதவில்லை. நிரம்பி வழிந்த கூட்டத்தின் ஒரு பகுதியை ஜூனியர் காலேஜ்கள் ஏற்றுக்கொண்டன.

1946-ல் அதிபர் ட்ரூமன் உயர்கல்வி பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தார். அந்தக் குழு 1947-ல் தந்த அறிக்கை கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரைப் பரவலாக்கியது. பெற்றோரின் வருமானம், இனம், வசிக்கும் ஊர் எதுவும் ஒருவருடைய படிப்புக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று வாதிட்டது. தடுப்பதற்காகவும் யோசிக்கப்பட்ட ஒரு கதவுக்கு, அழைப்பதற்கான நியாயத்தை முதன்முதலில் இவ்வளவு உரக்கச் சொன்னது இந்த அறிக்கைதான் எனலாம்.

1955: பாடத்திட்டம் மாறுகிறது

பொறியியல் கல்வியின் வரலாற்றில் 1955 ஒரு முக்கியமான ஆண்டு. போரின்போது ரேடார், அணுசக்தி போன்ற பெரிய கண்டுபிடிப்புகளில் இயற்பியலாளர்களே முன்னணியில் நின்றார்கள். பட்டறையையும் கையேட்டையும் நம்பிப் படித்த பொறியாளர்களால் அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்ற குறை எழுந்தது. எல்.இ. கிரிண்டர் தலைமையில் அமெரிக்கப் பொறியியல் கல்விச் சங்கம் அமைத்த குழு 1955-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றை ஆழமாகச் சொல்லிக் கொடுங்கள். அதன் மேல் இயக்கவியல், வெப்ப இயக்கவியல், மின்னியல், பொருளறிவியல் போன்ற பொறியியல் அறிவியல் பாடங்களை வையுங்கள். பட்டறை வேலையைக் குறையுங்கள் என்பது அதன் சாரம். இரண்டு வருடம் கழித்து ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் இந்த வாதத்துக்கு எதிர்ப்பே இல்லாமல் போயிற்று.

இந்த மாற்றம் இரண்டு வருடக் கல்லூரிகளுக்கு ஒரு வரமாக அமைந்தது. கால்குலஸ் எங்கே படித்தாலும் கால்குலஸ்தான். நியூட்டனின் விதிகள் பெர்க்லியிலும் மொடெஸ்டோவிலும் ஒன்றுதான். பட்டறைகளும் விலையுயர்ந்த இயந்திரங்களும் இல்லாத சின்னக் கல்லூரியிலும் ஒரு நல்ல ஆசிரியரும் கரும்பலகையும் எளிய ஆய்வகமும் இருந்தால் பொறியியலின் முதல் பாதியை நடத்திவிடலாம்.

ஆனால் அதே மாற்றம் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. வரைபடமும் நில அளவையும் ஒன்றையொன்று நம்பியிராத பாடங்கள்; எதை முதலில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கணிதமும் இயற்பியலும் அப்படியல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டவை. கீழ்ப் படியில் கால் வைக்காமல் மேல் படிக்குப் போக முடியாது.

மாஸ்டர் பிளானும் 60:40 கணக்கும்

1960-ல் கலிஃபோர்னியா உயர்கல்விக்கான மாஸ்டர் பிளானைச் சட்டமாக்கியது. பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் இதன் மூளையாகக் கருதப்படுகிறார். பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள். மற்ற எல்லோருக்கும் ஜூனியர் காலேஜ். அங்கே நன்றாகப் படித்தால் மூன்றாம் வருடத்தில் மேலே மாறிக்கொள்ளலாம்.

உலகம் முழுவதும் பாராட்டப்பட்ட இந்தத் திட்டத்தில் ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கிறது. முன்பு பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரிகளும் கணிசமான முதல் இரண்டு வருட மாணவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தன. இனி நான்கு வருடப் படிப்பில் உள்ளவர்களில் 40 சதவீதம் பேர்தான் கீழ் இரண்டு வருடங்களில் இருக்க வேண்டும், 60 சதவீதம் பேர் மேல் இரண்டு வருடங்களில் இருக்க வேண்டும் என்று திட்டம் சொன்னது. இப்படிச் செய்தால் நேரடியாக எடுக்கும் மாணவர்களைக் குறைக்க வேண்டிவரும். மேல் வருடங்களில் மாறி வருபவர்களுக்கு இடம் இருந்தே தீரும். அதாவது முன் கதவு குறுகும், பக்கக் கதவு கண்டிப்பாகத் திறந்திருக்கும். தடுப்பதையும் அழைப்பதையும் ஒரே கணக்கில் எழுதி வைத்தார்கள்.

முன் கதவைக் குறுக்குவது எளிதாக நடந்தது. பக்கக் கதவு பல மாணவர்களுக்கு எப்படித் திறந்தது என்பதைத்தான் அடுத்து வந்த ஆய்வுகள் கேள்வி கேட்டன.

ஆசையை ஆற வைத்தல்

அதே 1960-ல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். சான் ஹோசே நகரின் ஜூனியர் காலேஜைக் கவனித்து எழுதியது அது. எர்விங் காஃப்மன் என்ற இன்னொரு சமூகவியலாளர், ஏமாற்றுக்காரர்கள் பணத்தைப் பறிகொடுத்தவனைப் போலீசுக்குப் போகாமல் சமாதானப்படுத்தி அனுப்புவதைப் பற்றி 1952-ல் எழுதியிருந்தார். அந்த உத்தியின் பெயரையே கிளார்க் கல்லூரிக்கும் பயன்படுத்தினார். தமிழில் சொன்னால் ஆற வைப்பது.

கிளார்க் கண்டது இதுதான். கல்லூரியில் சேரும்போது பெரும்பாலோர் பல்கலைக்கழகத்துக்கு மாறத்தான் விரும்புகிறார்கள். ஆனால் அப்படி மாறுபவர்கள் சிலரே. மற்றவர்களிடம் உனக்குத் தகுதியில்லை என்று கல்லூரி முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சேரும்போதே ஒரு தேர்வு. மதிப்பெண் குறைந்தால் அடிப்படைப் பாடங்கள். பிறகு ஆலோசகருடன் பேச்சு. மெல்ல மெல்ல ஒரு மாற்று வழி காட்டப்படும். இந்த மாற்று வழி விட்டுக்கொடுத்ததிலிருந்து அதிகம் வேறுபட்டதாகத் தெரியக் கூடாது. இதற்கு கிளார்க் கொடுத்த உதாரணமே பொறியியல்தான்: பொறியாளர் ஆக வந்தவர் பொறியாளரின் உதவியாளராக ஆகும் படிப்புக்குத் திருப்பப்படுகிறார். பெயரில் பொறியியல் இருக்கும். அது பட்டத்துக்குப் போகாது.

கிளார்க் இதைப் புகாராகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் வாய்ப்பு என்று சொல்லும் சமூகம், எல்லோருக்கும் இடம் கொடுக்க முடியாதபோது இப்படி ஒரு நிறுவனம் தேவைப்படுகிறது என்றுதான் விளக்கினார். பின்னால் வந்தவர்கள் அதைக் கடுமையான குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டார்கள். இன்று வரை இந்தக் கல்லூரிகளைப் பற்றிய எந்த விவாதமும் இந்தக் கட்டுரையைத் தொடாமல் முடிவதில்லை.

இரண்டு வருடம் எப்படி நான்கு வருடமாகிறது?

ஒருவரை யாரும் திட்டமிட்டு ஆற வைக்காவிட்டாலும், பொறியியலின் பாட வரிசையே அந்த வேலையைச் செய்துவிடும். எப்படி என்று பார்க்கலாம்.

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்தில் நுழைய ஒரு மாணவர் பொதுவாக முடித்திருக்க வேண்டியவை: மூன்று பருவம் கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், கால்குலஸை அடிப்படையாகக் கொண்ட இயற்பியல் இரண்டு அல்லது மூன்று பருவம், ஆய்வகத்துடன் வேதியியல், ஒரு கணினி நிரலாக்கப் பாடம். துறையைப் பொறுத்து நிலையியல் அல்லது மின்சுற்றுப் பாடமும் சேரும். கால்குலஸ் முதல் பாகம் இல்லாமல் இயற்பியலின் முதல் பாகமான இயக்கவியல் கிடையாது. இயக்கவியல் இல்லாமல் நிலையியல் கிடையாது. மின்காந்தவியல் படிக்காமல் மின்சுற்று கிடையாது. முதல் பருவத்திலேயே கால்குலஸில் உட்காருகிறவருக்கு இவை நான்கு பருவத்தில் சரியாக, கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் அடங்கும்.

இப்போது சேர்க்கைத் தேர்வில் மதிப்பெண் குறைந்த ஒரு மாணவரை நினைத்துப் பார்க்கலாம். அவரை அடிப்படை இயற்கணிதத்தில் போடுகிறார்கள். அதன் பிறகு இடைநிலை இயற்கணிதம், பிறகு முக்கோணவியல், பிறகு கால்குலஸுக்கு முந்தைய பாடம். எதிலும் தோற்காமல் ஒரு பருவத்துக்கு ஒன்றாக முடித்தாலும் கால்குலஸ் வகுப்புக்குள் நுழையும்போது இரண்டு வருடம் போயிருக்கும். அதன் பிறகுதான் மேலே சொன்ன நான்கு பருவமும் தொடங்கும்.

சின்னக் கல்லூரிகளில் இன்னொரு தொல்லை. நிலையியல், மின்சுற்று போன்ற பாடங்களுக்குச் சேர்பவர்கள் குறைவு. அதனால் வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்துவார்கள். போதுமான பேர் சேராவிட்டால் அந்தப் பருவத்தில் ரத்து செய்துவிடுவார்கள். ஒரு பாடத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். வேலையும் குடும்பமும் உள்ள ஒருவருக்கு ஒரு வருடம் என்பது சின்ன விஷயமல்ல. ஆசையை விட்டுவிடுவதற்கு அதுவே போதும்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. இரண்டு வருடக் கல்லூரியின் அசோசியேட் பட்டம் வாங்க வரலாறு, இலக்கியம், சமூக அறிவியல் என்று பொதுப் பாடங்கள் நிறைய முடிக்க வேண்டும். பொறியியல் துறைகள் பார்ப்பதோ கணிதமும் இயற்பியலும் முடிந்திருக்கிறதா என்று. இரண்டையும் இரண்டு வருடத்துக்குள் திணிக்க முடியாது. அதனால் விவரம் தெரிந்த மாணவர்கள் பொதுப் பாடங்களைத் தள்ளிவைத்துவிட்டு, அசோசியேட் பட்டம் வாங்காமலேயே மாறிப் போய்விடுவார்கள். விவரம் தெரியாதவர்கள் கல்லூரி சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்து, பட்டமும் வாங்கி, பிறகு பொறியியலுக்குத் தேவையான பாதிப் பாடங்கள் இன்னும் பாக்கி என்று தெரிந்துகொள்வார்கள். இந்த விவரம் வீட்டிலே படித்தவர்கள் இருக்கும் பிள்ளைகளுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருபவருக்கு அதைச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது.

காகிதத்தில் நடந்த போராட்டம்

மாணவர் எங்கே படித்தார் என்பதைவிட, படித்ததை அடுத்த கல்லூரி ஏற்றுக்கொள்கிறதா என்பதே முக்கியமாயிற்று. டோரதி நோயலும் லேலண்ட் மெட்ஸ்கரும் 10 மாநிலங்களில் 7,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பின்தொடர்ந்து 1960-களின் நடுவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு வருடக் கல்லூரியிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பட்டம் வாங்கும் திறமை உள்ளவர்கள், ஆனால் இரண்டு நிறுவனங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததால் நேரமும் பாடங்களும் வீணாகின்றன என்பது அவர்கள் கண்டது. 1965-ல் ஜான் ஹில்ஸ் என்பவர் மாறி வந்த முதல் பருவத்தில் மதிப்பெண் சரிவதைக் கவனித்து, அதற்கு மாற்ற அதிர்ச்சி என்று பெயர் வைத்தார். அவர்களில் பலர் பிறகு தேறிவிடுவார்கள் என்பதும் அதில் தெரிந்தது. எல்லாப் பாடமும் கடினமான பொறியியலிலோ அந்த முதல் சரிவிலேயே ஒருவர் வெளியேறிவிடக்கூடும்.

ஃப்ளோரிடா மாநிலம் 1971-ல் எல்லாப் பொதுக் கல்லூரிகளையும் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தைச் செய்தது. பிறகு பாடங்களுக்கு மாநிலம் முழுவதும் ஒரே எண் என்ற முறையையும் கொண்டுவந்தது. எந்தக் கல்லூரியில் படித்தாலும் ஒரே எண் என்றால் ஒரே பாடம். கலிஃபோர்னியாவோ ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழக வளாகத்துக்கும் இடையே தனித்தனி ஒப்பந்தம் என்ற வழியில் போயிற்று. எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று தேட அசிஸ்ட் என்ற கணினித் தொகுப்பு உருவாக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், பல பல்கலைக்கழக வளாகங்கள், ஒவ்வொன்றிலும் பல பொறியியல் துறைகள். ஒரு வளாகம் கேட்கும் பாடத்தை இன்னொரு வளாகம் கேட்காது. மூன்று இடங்களுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர் மூன்று பட்டியலையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.

2010-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. 60 யூனிட்டுக்குள் ஒரு மாற்றப் பட்டத்தை முடித்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. கலை, சமூக அறிவியல் மாணவர்களுக்கு இது நன்றாக உதவியது. பொறியியலுக்குத் தேவையான கணிதமும் அறிவியலும் பொதுப் பாடங்களும் சேர்ந்தால் 60 யூனிட்டைத் தாண்டிவிடும். எனவே இந்த ஏற்பாட்டில் பொறியியலுக்கு இடமில்லாமல் போயிற்று. பாடங்களுக்குப் பொதுவான எண் வேண்டும் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2021-ல்தான் வந்தது. ஃப்ளோரிடாவில் அதற்குள் ஒரு தலைமுறைக்கு மேல் கடந்திருந்தது.

பணத்தையும் மறக்கக் கூடாது. கலிஃபோர்னியாவின் கல்லூரிகள் பல பத்தாண்டுகள் கட்டணம் இல்லாமலே நடந்தன. 1978-ல் வாக்காளர்கள் சொத்து வரிக்கு உச்ச வரம்பு விதித்தார்கள். கல்லூரிகளின் வருமானம் அடிபட்டது. 1984-ல் முதன்முறையாக யூனிட்டுக்கு 5 டாலர் கட்டணம் வந்தது. 2012-ல் அது 46 டாலர் ஆனது. அமெரிக்கக் கணக்கில் அது இப்போதும் குறைவுதான். ஆனால் பணம் குறையும் காலங்களில் வெட்டுப்படுவது ஆள் குறைந்த வகுப்புகள். அவற்றில் நிலையியலும் மின்சுற்றும் இருக்கும்.

கடந்து போனவர்கள்

இவ்வளவு தடைகளையும் மீறிப் போனவர்கள் ஏராளம். அப்பல்லோ 13 விண்கலத்தில் பறந்த ஃப்ரெட் ஹெய்ஸ், மிசிசிப்பியில் பெர்க்கின்ஸ்டன் ஜூனியர் காலேஜில் படித்தவர். ராணுவ விமானியாக இருந்துவிட்டு, 1959-ல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் பட்டம் வாங்கினார். ராபர்ட் கிப்சன் நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி கம்யூனிட்டி காலேஜில் 1966-ல் பொறியியல் அறிவியலில் அசோசியேட் பட்டம் பெற்று, கலிஃபோர்னியாவின் கால் பாலியில் 1969-ல் விமானப் பொறியியல் முடித்தார். 1995-ல் ரஷ்யாவின் மிர் நிலையத்தோடு முதன்முதலில் இணைந்த அமெரிக்க விண்வெளி ஓடத்துக்கு அவர்தான் தலைவர். கொலம்பியாவிலிருந்து வந்து, வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே மயாமி டேட் கல்லூரியில் படித்த டயானா ட்ருஹீயோ, பின்னாளில் செவ்வாய்க்குப் போன பெர்சிவரன்ஸ் ஊர்தியின் இயந்திரக் கையில் பணியாற்றினார்.

தனி மனிதர்களின் உழைப்பை மட்டும் நம்பாமல் துணை ஏற்பாடுகளும் உருவாயின. 1970-ல் ஓக்லண்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 25 மாணவர்களுடன் தொடங்கிய மெசா திட்டம், கணிதம், பொறியியல், அறிவியல் படிக்கக் கறுப்பின மாணவர்களும் மற்ற சிறுபான்மையினரும் வர வேண்டும் என்பதற்காக ஆரம்பிக்கப்பட்டது. பிற்பாடு அது சமுதாயக் கல்லூரிகளுக்கும் வந்தது. ஒரு அறை, சேர்ந்து படிக்க ஒரு குழு, எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று தெரிந்த ஓர் ஆலோசகர். பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் வீட்டிலே சொல்ல ஆளில்லாத மாணவருக்கு அந்த விவரம் கிடைத்தது இங்கேதான்.

அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமி 2005-ல் வெளியிட்ட ஓர் அறிக்கை, 1999, 2000 ஆண்டுகளில் பொறியியல் பட்டம் பெற்றவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் ஏதாவது ஒரு கட்டத்தில் சமுதாயக் கல்லூரியில் படித்தவர்கள் என்றது. ஒரு கோடைக்காலப் பாடம் மட்டும் படித்தவர்களும் இதில் அடங்குவார்கள் என்றாலும் இது பெரிய எண்ணிக்கைதான்.

மறுபக்கக் கணக்கு அவ்வளவு மகிழ்ச்சியானதல்ல. சமுதாயக் கல்லூரியில் சேர்பவர்களில் பெரும்பாலோர் இளங்கலைப் பட்டம் வாங்கவே விரும்புகிறார்கள். மாறிச் செல்பவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர். ஆறு வருடத்துக்குள் பட்டம் வாங்குபவர்கள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். கல்லூரி மாறும் மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழக்கிறார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-ல் கணக்கிட்டது. எல்லா வகைக் கல்லூரி மாற்றங்களையும் சேர்த்த கணக்கு இது. படித்த பாடம், கட்டிய பணம், செலவழித்த மாலை நேரம் எல்லாம் அதில் அடக்கம்.

முதல் படி எது?

இப்போது சண்டை ஏணியின் கீழ்ப் படியில் நடக்கிறது. சேர்க்கைத் தேர்வை வைத்து மாணவர்களை வருடக்கணக்கில் அடிப்படைப் பாடங்களில் நிறுத்துவதைத் தடுக்க கலிஃபோர்னியா 2017-ல் ஒரு சட்டம் போட்டது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து, பல்கலைக்கழகம் ஏற்கும் பாடத்திலேயே சேர்க்க வேண்டும் என்றது. 2022-ல் இன்னொரு சட்டம் இதைக் கால்குலஸ் வரை நீட்டித்தது. முந்தைய பாடங்கள் உண்மையிலேயே உதவுகின்றன என்று காட்ட முடியாவிட்டால், பொறியியல், அறிவியல் மாணவர்களை நேராகக் கால்குலஸில் உட்கார வைக்க வேண்டும்.

ஆதரிப்பவர்கள் சொல்வது: கூடுதலாக ஒவ்வொரு படி வைக்கும்போதும் சிலர் விழுகிறார்கள். படிகளைக் குறைத்தால் அதிகம் பேர் மேலே வருவார்கள். எதிர்க்கும் கணித ஆசிரியர்கள் சொல்வது: நீச்சல் தெரியாதவரை ஆழத்தில் தள்ளினால் அவர் பொறியியலே வேண்டாம் என்று போய்விடுவார். இருவருமே மாணவர் மேல் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். இருவர் பயப்படுவதும் ஒரே விஷயத்துக்குத்தான்: பொறியாளராக வேண்டும் என்று வந்த ஒருவர், ஆகாமலேயே திரும்பிப் போவது.

ஜோலியட்டில் ஆறு பேருடன் தொடங்கி நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. பல்கலைக்கழகங்கள் தங்கள் வசதிக்காகக் கழற்றிவிட்ட அந்த இரண்டு வருடங்களை, ஏழைப் பிள்ளைகளும் போரிலிருந்து திரும்பியவர்களும் குடியேறியவர்களும் தங்களுக்கான வழியாக மாற்றிக்கொண்டார்கள். அந்த வழி ஒருவருக்குத் திறந்திருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் முடிவாகிறது: முதல் பருவத்தில் எந்தக் கணித வகுப்பு, மின்சுற்றுப் பாடம் இந்த வருடம் நடக்குமா, பாட எண்கள் பொருந்துமா, அதைச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா. மாஸ்டர் பிளான் போன்ற பெரிய திட்டங்கள் கொடுத்த வாக்குறுதி உண்மையா பொய்யா என்பதை இந்தச் சின்ன விஷயங்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.